சோடியம் தட்டில் ஒன்று குறைகிறது

எங்கள் பள்ளியின் பொருள் இருப்புப் பதிவேட்டில் நான்கு கட்டங்கள் உண்டு: இருந்தது, வந்தது, இழந்தது, மீதி. 'கொடுத்தது' என்று ஒரு கட்டம் கிடையாது. ஒருவர் ஒரு பொருளை இன்னொருவருக்குக் கொடுப்பார் என்பது பதிவேட்டை அச்சடித்தவர்களுக்குத் தோன்றவே இல்லை. பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இந்த ஒரு கட்டம் இல்லாமல் போனதுதான் காரணம் என்பது என் கருத்து. நான் இந்தப் பள்ளியின் தட்டச்சர். என் கருத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்த விவகாரத்தில் போன, வந்த நாற்பத்தாறு கடிதங்களில் பாதியைத் தட்டியவனும் மீதியைப் பிரித்துப் படித்தவனும் நான்தான், ஆகையால் சொல்கிறேன்.

ஆய்வகம் லேப் அக்காவின் பொறுப்பு. ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாசல் காவலருக்கும் அவர் லேப் அக்காதான். ஒரு குடுவையில் கீறல் விழுந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. துணி போட்டுத் துடைத்த மேசையைக் கையால் தடவிப் பார்த்து இன்னொரு முறை துடைப்பார். எதையும் எழுதி வைக்காமல் வீட்டுக்குப் போக மாட்டார். இந்தக் கடைசிக் குணம்தான் அவரை மாட்டிவிட்டது.

அக்காவின் கணவர் தலைநகரில் குடிநீர் நீரேற்று நிலையத்தில் வேலை பார்க்கிறார். பேருந்தில் ஏழு மணி நேரம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரே மகளும் அங்கேதான், அப்பாவோடு; பக்கத்து வீட்டில் நாத்தனார் இருப்பதால் பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னிவிட ஆள் உண்டு. அக்கா மாதத்தில் இரண்டு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வருவார். தலைநகருக்கு மாற்றல் கேட்டு அவர் மனுப் போட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாற்றல் கோப்பில் எட்டுக் கையெழுத்து வேண்டும். அலைந்து திரிந்து ஏழு வாங்கிவிட்டார். எட்டாவது கையெழுத்து வட்டார அலுவலகத்தின் இருப்புச் சரிபார்ப்பு அதிகாரியுடையது. 'பொறுப்பில் உள்ள பொருள் எதிலும் குறைவில்லை' என்று அவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அக்கா மறுநாளே பெட்டி கட்டலாம்.

வேதியியல் சார் நல்ல மனிதர். தன் பாடத்தை அவருக்கே பிடிக்கும் என்பது ஒன்றுதான் குறை. பாடம் புரிவதற்காக ஒட்டுப்பலகையில் வட்டத் தட்டுகள் செய்து வைத்திருந்தார். ஒவ்வொரு தட்டும் ஒரு தனிமத்தின் அணு. நடுவில் புரோட்டான்களுக்காகச் சிவப்புப் புள்ளிகள். சுற்றிலும் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக, கோலி உட்காரும் பள்ளமாகக் காடி வெட்டிய வட்டங்கள். அவற்றில் எலக்ட்ரான்களுக்காக நீலக் கோலிகள். உள்வட்டத்தில் இரண்டு, அடுத்ததில் எட்டு, மிச்சம் வெளிவட்டத்தில். உள்ளே இருப்பவை வாயே திறக்காது, கொடுக்கல் வாங்கல், ஒட்டு உறவு எல்லாம் வெளிவட்டத்துக் கோலிகளோடுதான், அவற்றுக்கு இணைதிறன் எலக்ட்ரான்கள் என்று பெயர் என்பார். வெளிவட்டத்தில் எட்டு இருந்துவிட்டால் அணுவுக்கு நிம்மதி. அதற்காக ஒன்றிரண்டு அதிகமாக வைத்திருப்பது கழற்றிவிடப் பார்க்கும், ஒன்றிரண்டு குறைவாக இருப்பது வாங்கப் பார்க்கும். ஒருநாள் அக்காவின் மாற்றல் கோப்பைப் புரட்டிவிட்டு, "உங்க ஃபைல் குளோரின் மாதிரிக்கா. ஏழு இருக்கு. இன்னும் ஒண்ணு கெடைச்சா எட்டாயிடும்" என்றார். அக்கா அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னார்.

சரிபார்ப்புக்கு முதல் நாள் சார் அயனிப் பாடம் எடுத்தார். சோடியம் தட்டின் வெளிவட்டத்தில் ஒரே ஒரு கோலி தனியாக உருண்டுகொண்டிருந்தது. அதை எடுத்து, ஏழோடு நின்ற குளோரின் தட்டில் வைத்தார். சோடியத்தில் அந்த வட்டமே காலியாகி, உள்ளே எட்டோடு இருந்தது வெளிவட்டமானது; இப்படி இரண்டு தட்டிலும் வெளிவட்டம் எட்டானது. வகுப்பு முடிந்ததும், சோடியம் ஒன்றை இழந்துவிட்டது, அது குளோரினிடம் இருக்கிறது, நாளைக்கும் இதே பாடம்தான், அப்படியே இருக்கட்டும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா பதிவேட்டைத் திறந்தார். சோடியம்: இருந்தது 11, இழந்தது 1, மீதி 10. குளோரின்: இருந்தது 17, வந்தது 1, மீதி 18. மையால் எழுதி, தேதி போட்டு, பெயரும் எழுதினார்.

இருப்புச் சரிபார்ப்பு அதிகாரிக்கு எல்லாப் பள்ளிகளிலும் 'ஒண்ணு குறையுது' என்று பெயர். எதையும் பேனா மூடியால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். எண்ணி முடித்ததும் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வார். நாற்காலி, துடைப்பம், உலக உருண்டை எதை எண்ணினாலும் ஒன்று குறையத்தான் செய்யும். பல சமயம் தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை எண்ண மறந்திருப்பார். அன்று அவர் சோடியம் தட்டை எண்ணினார். வாழ்க்கையில் முதல் முறையாக நிஜமாகவே ஒன்று குறைந்தது. அந்தச் சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

வேதியியல் சார் ஓடி வந்து விளக்கினார். அதிகாரி தட்டின் ஓரத்தில் தொங்கிய சீட்டைப் பிடித்துப் பார்த்தார். சோடியம் என்று எழுதி, அதன் தலையில் சின்னதாக ஒரு கூட்டல் குறி போட்டிருந்தது. குளோரின் சீட்டில் கழித்தல் குறி.

"ஒண்ணு குறைஞ்ச தட்டுக்குக் கூட்டல் போட்டிருக்கீங்க. ஒண்ணு கூடுன தட்டுக்குக் கழித்தல் போட்டிருக்கீங்க. இது கைத்தவறு இல்ல சார், திட்டம் போட்டுப் பண்ணது."

"எலக்ட்ரானே மைனஸ் சார். மைனஸ் ஒண்ணு வெளிய போனா மிச்சம் இருக்கறது பிளஸ்தானே. நடுவுல பாருங்க, செவப்புப் புள்ளி பதினொண்ணும் அப்படியே இருக்கு. நீலம் மட்டும் பத்து."

அதிகாரி தன் குறிப்பேட்டைத் திறந்தார். பிறகு, 'பொருளை இழப்பதால் நன்மை உண்டு என ஆசிரியர் மாணவர்களுக்குப் போதிக்கிறார்' என்று எழுதிக்கொண்டார். அக்காவின் கோப்பை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் பேனாவை மூடினார். அக்கா அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு வாங்கியவருக்கு எட்டாவது கண் முன்னால் மூடிக்கொண்டது.

அதிகாரி போனதும் அக்காவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கோலியை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டால் என்ன? உலகத்தில் இதைவிட எளிய யோசனை இருக்க முடியாது. தலைமை ஆசிரியை பதறிப்போனார். அது இப்போது கோலி இல்லை, ஆதாரம் என்றார். தொட்டால் ஆதாரத்தைக் கலைத்ததாகும், தொடாமல் விட்டால் இழப்பைச் சரிசெய்யாததாகும் என்றார். அப்படியானால் என்ன செய்வது என்று அக்கா கேட்டார். தான் இந்தப் பேச்சைக் கேட்கவே இல்லை என்று பதிவு செய்துகொள்ளுமாறு தலைமை ஆசிரியை என்னிடம் சொன்னார். பதிவு செய்தேன்.

கடிதங்கள் வர ஆரம்பித்தன. முதல் கடிதம், இழப்பு குறித்துச் சோடியத்திடம் விளக்கம் பெறப்பட்டதா என்று கேட்டது. சோடியம் ஒரு தனிமம் என்று பதில் எழுதினோம். தனிமமாக இருப்பினும் விளக்கம் அளிக்கும் கடமையிலிருந்து விலக்கு இல்லை என்று மறுபதில் வந்தது. அடுத்து, கோலியைச் சோடியம் தவறவிட்டதா, குளோரின் பறித்ததா என்று கேட்டார்கள். தவறவிட்டது என்றால் அக்காவின் கவனக்குறைவு. பறித்தது என்றால் அக்காவின் காவல் குறைவு. வேதியியல் சார் இரண்டும் இல்லை, கொடுத்தது என்று எழுதச் சொன்னார். கொடுத்தது என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை, ஆகவே அவ்வாறு நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை மட்டும் நான் இரண்டு முறை படித்தேன்.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. விசாரணை நடக்கும்போது பொறுப்பாளர் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று ஒரு கடிதம் வந்ததால் அக்காவின் ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. மதிய இடைவேளையில் என் அறைக்கு வந்து போனில் மகளோடு பேசுவார். ஒருநாள் மகள், "அம்மா, முன்பல்லு ஒண்ணு போச்சு" என்று சொன்னது எனக்கே கேட்டது. ஆடும்போது தொட்டுப் பார்க்கவில்லை, விழும்போதும் பக்கத்தில் இல்லை, இனி முளைத்த பிறகுதான் பார்ப்பேன் போலிருக்கிறது தம்பி என்று சொல்லி, போனைத் துடைத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த அதிகாரி மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

கடைசியில் விசாரணைக் குழு வந்தது. தலைவர் ஒருவர், தலையாட்ட இருவர். கூடவே 'ஒண்ணு குறையுது'. ஆய்வகத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்தார்கள். தலைவர் முதலில் பெட்டியிலிருந்த எல்லாத் தட்டுகளையும் வரிசையாக வைக்கச் சொன்னார். நியான் தட்டின் முன்னால் வந்ததும் நின்றார். எத்தனை என்று கேட்டார். பத்து என்றார் அக்கா. பதிவேட்டில் எத்தனை என்று கேட்டார். அதிலும் பத்து. இத்தனை வருஷத்தில் ஒரு மாற்றமும் இல்லையா என்று வியந்தார். வெளிவட்டம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் நியான் எதோடும் சேராது, எதுவும் கொடுக்காது, எதுவும் வாங்காது என்று வேதியியல் சார் விளக்கினார். தலைவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

"இதப் பாத்துக் கத்துக்கணும் எல்லாரும். நானும் சர்வீஸ்ல சேர்ந்த நாள்லேருந்து இப்படித்தான். யாருக்கும் ஒண்ணும் செஞ்சதில்ல. யாரும் என்கிட்ட ஒண்ணும் கேட்டு வந்ததும் இல்ல. முப்பத்தஞ்சு வருஷத்துல என் மேல ஒரு புகார் உண்டா சொல்லுங்க."

தலையாட்ட வந்தவர்கள் ஆட்டினார்கள். நியானுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வழங்குவதென்று அங்கேயே முடிவானது. அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான். 'அப்பழுக்கற்ற பணிக்காக' என்று போடச் சொன்னார்கள்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வேதியியல் சார், தலைவருக்குப் பாடத்தில் ஆர்வம் வந்துவிட்டதென்று நம்பிவிட்டார். எல்லா அணுவும் கொடுத்து வாங்குவதில்லை, சில பங்கு போட்டுக்கொள்ளும் என்று சொல்லி, பெட்டியிலிருந்த வேறு இரண்டு குளோரின் தட்டுகளை எடுத்து ஓரத்தோடு ஓரம் பொருத்தினார். இரண்டுக்கும் பொதுவாக நடுவில் ஒரு காடி. ஆளுக்கு ஒரு கோலி அந்தக் காடியில். இரண்டு கோலியும் இரண்டு தட்டுக்கும் சொந்தம், ஆகவே இரண்டுக்கும் எட்டு என்றார். 'ஒண்ணு குறையுது' பேனா மூடியை எடுத்தார். இடது தட்டை எண்ணினார், நடுக்காடியைச் சேர்த்துப் பதினெட்டு. வலது தட்டை எண்ணினார், நடுக்காடியைச் சேர்த்துப் பதினெட்டு. ஆக முப்பத்தாறு. பிறகு கோலிகளை மொத்தமாக எண்ணினார். முப்பத்து நான்கு.

"ரெண்டு குறையுது" என்றார்.

தலைவர் முகம் இறுகியது. ஒரே பொருளை இரண்டு இடத்தில் எழுதி இருப்பைக் கூட்டிக் காட்டியது பெரிய குற்றம், இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் முன்னால் வந்தார்.

"சார், எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. யார் கேட்டாலும் எனக்கு ஒரு பொண்ணுன்னு சொல்வேன். எங்க வீட்டுக்காரரக் கேட்டீங்கன்னா அவரும் எனக்கு ஒரு பொண்ணுன்னுதான் சொல்வாரு. அதுக்காக எங்களுக்கு ரெண்டு பொண்ணா சார்? ஒருத்திதான். நடுவுல இருக்கா. அவ இருக்கறதாலதான் ஏழு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் ஒட்டிக்கிட்டு இருக்கோம்."

வேதியியல் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் தான் இப்படிச் சொன்னதில்லை என்று பிறகு என்னிடம் ஒத்துக்கொண்டார். தலைவர் அதிகாரியின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அதிகாரி எழுதினார்: 'பொறுப்பாளரின் மகள் எண்ணிக்கையிலும் மாறுபாடு காணப்படுகிறது. தனியே சரிபார்க்கப்பட வேண்டும்.'

அடுத்து, ஆதாரத்தை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. இங்கே இரண்டு அலுவலகங்களின் நிலைமையைச் சொல்லியாக வேண்டும். வட்டார அலுவலகத்தில் எட்டு அலமாரி. எட்டும் கோப்புகளால் அடைத்துப் பூட்டியாகிவிட்டது. இந்த ஒரு கோப்பு மட்டும் இடமில்லாமல் 'ஒண்ணு குறையுது'வின் மேசைமேல் மூன்று மாதமாகக் கிடந்தது. டீ டம்ளர் வைக்கக்கூட வழியில்லை. எங்காவது தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தார் அவர். தலைநகரில் தலைவரோ புதிதாக ஒரு விசாரணைப் பிரிவு தொடங்கியிருந்தார். எட்டுக் கோப்பு இருந்தால்தான் பிரிவுக்குத் தனி அறை. அவரிடம் ஏழு இருந்தது.

கொடுக்கவும் வாங்கவும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கோப்பு கை மாறியது. 'ஒண்ணு குறையுது' ஒன்றை இழந்த மனிதர் போலவே இல்லை. அவர் தலைமேல் ஒரு கூட்டல் குறி தெரிவது போலிருந்தது எனக்கு.

சோடியத்தை இங்கேயே வைத்துவிட்டுக் குளோரினை மட்டும் கொண்டுபோகலாமா என்று தலையாட்டியவர்களில் ஒருவர் முதல் முறையாக வாய் திறந்தார். தலைவர் கூடாது என்றார். இழந்தது ஒரு பக்கமும் பெற்றது ஒரு பக்கமும் இருந்தால் வழக்கு நிற்காது, இனிமேல் இவை இரண்டையும் பிரிக்கவே கூடாது என்று சொல்லி, இரண்டு தட்டையும் முகத்தோடு முகம் வைத்து நூலால் கட்டி, பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை இடச் சொன்னார்.

"இதத்தான் சார் நான் மூணு மாசமா சொல்லிட்டிருக்கேன்" என்றார் வேதியியல் சார். அவரைப் பேச வேண்டாம் என்றார்கள்.

பிறகு தலைவர் அக்காவுக்கான தண்டனையைச் சொன்னார். அதை நான் அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டதால் ஒரு வார்த்தை மாறாமல் தர முடியும்.

"பொறுப்பாளர் தப்பிச்சுப் போக விடக் கூடாது. ஆதாரம் எங்க இருக்கோ அங்கதான் அவங்களும் இருக்கணும். பெட்டியோட தலைநகருக்கு வரட்டும். விசாரணை முடியற வரைக்கும் என் பிரிவுலயே வேலை பார்க்கட்டும்."

"விசாரணை எப்ப சார் முடியும்?" என்று அக்கா மெல்லக் கேட்டார்.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் எடுத்த விசாரணை எதுவும் இதுவரைக்கும் முடிஞ்சதில்லம்மா" என்றார்.

அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தலைவர் அதைப் பார்த்து, தண்டனை என்றால் அப்படித்தான் இருக்கும், மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று தலைமை ஆசிரியையிடம் சொன்னார். தேற்றுகிறேன் என்று அவர் தேற்றினார். அக்காவின் விரலிடுக்கு வழியாக என்னை ஒரு கண் பார்த்தது. நான் சட்டென்று தட்டச்சு அறைக்குப் போய், யாருக்கும் மனம் மாறுவதற்குள் உத்தரவை அடித்துக் கொண்டுவந்து நீட்டினேன். அவ்வளவு வேகமாக நான் எதையும் அடித்ததில்லை. எட்டுக் கையெழுத்து தேவைப்பட்ட இடத்தில் ஒரே கையெழுத்தில் காரியம் முடிந்தது.

மறுநாள் முற்பகல் பேருந்தில் அக்கா கிளம்பினார். மடியில் ஆதாரப் பெட்டி. காலடியில் துணிப்பை. வழியனுப்பப் போன வேதியியல் சாரிடம், குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும், நிமிர்த்தி வைத்தால் தூசி விழும் என்று மூன்று முறை சொன்னார். பேருந்து போன பிறகும் சார் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நானும் நின்றேன். இப்போது குடுவைகளைச் சாரே கழுவுகிறார். சோடியத்தையும் குளோரினையும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறார். ஆய்வகத்துக்குள் நுழைந்தால் அது வெறிச்சென்றுதான் இருக்கிறது. சந்தோஷமான விஷயம்தான் என்றாலும் எங்களுக்கு வருத்தமாகவே இருந்தது.

பணியாளர் பதிவேட்டில் எழுத வேண்டிய நாள் வந்தது. அதிலும் அதே நான்கு கட்டம். ஆய்வக உதவியாளர்: இருந்தது 1. அடுத்து 'இழந்தது' கட்டத்தில் பேனாவை வைத்தேன். எழுதக் கை வரவில்லை. அளவுகோல் எடுத்து, பக்கத்தின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, தலைப்பில் 'கொடுத்தது' என்று எழுதினேன். கீழே 1 என்று போட்டேன்.

அடுத்த சரிபார்ப்புக்கு அதிகாரி வந்தார். எங்களையெல்லாம் பேனா மூடியால் காற்றில் தொட்டு எண்ணினார்.

"ஒண்ணு குறையுது."

பதிவேட்டைத் திறந்து புதுக் கட்டத்தைக் காட்டினேன். அவர் அதைப் பேனா மூடியால் தொட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை.

"யாருக்குக் குடுத்தீங்க?"

"அவங்க வீட்டுக்காரருக்கும் பொண்ணுக்கும் சார்."

அதிகாரி விரல் விட்டு எண்ணினார். ஒருமுறை எண்ணி, சந்தேகம் வந்து, இன்னொரு முறை எண்ணினார்.

"இருந்ததே ஒருத்தர். அவங்களை எப்படி ரெண்டு பேருக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே பையிலிருந்து ஒரு புதுக் கோப்பை எடுத்தார்.

நான் நாற்பத்தேழாவது கடிதத்துக்குத் தாளைச் செருகினேன்.